ஒரு 'டே'க்கு எத்தனை நீளம்?

மலேசியாவின் கெடா மாநிலத்துக் கூலிம் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கும் எஞ்சியிருக்கும் ரப்பர் மர வரிசைகளான நிறைகளுக்கும் நடுவே வளர்ந்த ஊர் பாடாங் செராய். இவ்வட்டாரத் தமிழர் வீடுகளுக்கு வந்துசேரும் சம்பளச் சீட்டு, விடுமுறைப் படிவம், மருத்துவ விடுப்புச் சீட்டு, வேலைநீக்கக் கடிதம் ஆகியவற்றில் 'டே' என்ற ஆங்கிலச் சொல்லோ அதற்கு இணையான 'ஹாரி' என்ற மலாய்ச் சொல்லோ இடம்பெறாத தாள் அரிது. பள்ளியில் முதலாம் ஆண்டிலேயே கற்றுத் தரப்படும் சொல் என்பதால், அதற்குப் பொருள் பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் ஒரே தாளில் முதல் வரியில் வரும் 'டே' 24 மணி நேரமாகவும், மூன்றாம் வரியில் வருவது எட்டு மணி நேர உழைப்பாகவும், கடைசி வரியில் வருவது ஓய்வு நாளும் பெருநாளும் சேர்த்து எண்ணப்படும் நாள்காட்டி நாளாகவும் இருக்கக்கூடும். இந்த வேறுபாட்டைப் பிரித்துப் படிக்காமல் விடுவதால், உழைத்துச் சேர்த்த கூலியில் ஒரு பகுதியும், சில வேளைகளில் முறையிடும் உரிமையுமே கைநழுவிப் போகின்றன. ஆகவே இந்தச் சிறிய சொல்லைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் 'டே' என்பதற்குப் பகல் என்றும் பொருள், நாள் என்றும் பொருள். தமிழில் சூரியன் எழுந்து மறையும் வரையிலான வெளிச்சப் பொழுதைப் பகல் என்றும், இரவும் பகலும் சேர்ந்த முழுச் சுற்றை நாள் என்றும் பிரித்துச் சொல்கிறோம். ஆங்கிலேயர் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர். ஜெர்மானிய மொழிக் குடும்பத்திலிருந்து வந்த அந்தச் சொல்லின் பழைய பயன்பாட்டில் வெளிச்சப் பொழுது என்ற பொருளே மேலோங்கியிருந்தது. முழுச் சுற்றை எண்ணுவதற்கு அந்த இனத்தார் நாள்களைவிட இரவுகளைக் கணக்கில் எடுத்தார்கள் என்பதை, முதலாம் நூற்றாண்டின் இறுதியில் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறித்து வைத்திருக்கிறார். இரண்டு வார காலத்தை ஆங்கிலத்தில் 'ஃபோர்ட்நைட்', அதாவது பதினான்கு இரவு, என்று இன்றும் சொல்வது அந்தப் பழக்கத்தின் எச்சம். நம் மாணவர்கள் ஆங்கிலப் பாடத்தில் 'பை டே' என்று வரும்போது பகலில் என்றும், 'பெர் டே' என்று வரும்போது நாளொன்றுக்கு என்றும் பிரித்துக்கொள்ள வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம்.

ஒரு நாள் எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்பதிலும் உலகம் ஒருமித்ததில்லை. பாடாங் செராயின் கடைத்தெருவையே எடுத்துக்கொண்டால், கோயில் குருக்கள் பஞ்சாங்கப்படி சூரிய உதயத்தில் நாளைத் தொடங்குகிறார்; அவருக்கு ஒரு நாள் என்பது ஒரு உதயத்திலிருந்து மறு உதயம் வரையிலான 60 நாழிகை. அருகிலுள்ள சூராவில் தொழும் மலாய்க்காரர்களுக்கு மாலையில் சூரியன் மறைந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. நோன்புப் பெருநாளின் முதல் தக்பீர் முந்திய மாலையிலேயே ஒலிப்பது அதனால்தான். வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் நள்ளிரவில் நாள் மாறுகிறது. ஐரோப்பிய வானியலாளர்கள், இரவு முழுவதும் செய்யும் நோக்கீட்டை இரண்டு தேதிகளில் பிரித்து எழுதும் தொல்லையைத் தவிர்க்க, நண்பகலில் நாளைத் தொடங்கும் வழக்கத்தை 1924 முடியும் வரை வைத்திருந்து, 1925 ஜனவரி 1 முதல்தான் நள்ளிரவுக்கு மாறினார்கள். எந்த வேலைக்கு எது வசதியோ அங்கே நாளின் தொடக்கம் வைக்கப்படுகிறது என்பதற்கு அவர்களின் வழக்கம் தெளிவான சான்று.

நள்ளிரவு என்பதும் வானத்திலிருந்து நேரே இறங்கி வந்ததில்லை. அரசாங்கம் கடிகாரத்தை எங்கே நிறுத்துகிறதோ அங்கே அது நிற்கிறது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1905 ஜூன் 1 முதல் கிரீன்விச் நேரத்தைவிட ஏழு மணி நேரம் முந்திய பொது நேரம் பின்பற்றப்பட்டது. பகல் வெளிச்சத்தை மிச்சப்படுத்துவதற்காக 1933 ஜனவரி 1 முதல் அதனுடன் 20 நிமிடம் கூட்டப்பட்டது. 1941 செப்டம்பர் 1 முதல் அது ஏழரை மணி நேரமாயிற்று. ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரத்தைத் திணித்தார்கள். அப்போது கடிகாரம் ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் முன்னே ஓடியது. 1945 செப்டம்பரில் பழைய ஏழரைக்கே திரும்பினோம். தீபகற்பத்தையும் சபா சரவாக்கையும் ஒரே நேரத்தின் கீழ்க் கொண்டுவர, 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்கே 1982 பிறந்ததாக அறிவித்து, இன்றைய எட்டு மணி நேர முந்துதல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டின் கடைசி நாள், நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை எண்ணினாலும், இருபத்து மூன்றரை மணி நேரமே நீடித்தது.

இதன் விளைவாக, கிழக்குத் தீர்க்கரேகை 100 பாகையைச் சற்றே தாண்டி அமைந்திருக்கும் நம் ஊரில், கடிகாரம் சூரியனைவிட ஏறத்தாழ 1 மணி 18 நிமிடம் முந்தி நிற்கிறது. உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு வராமல் ஒன்றே கால் மணியை ஒட்டித்தான் வருகிறது. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது பெரிய செய்தியாகத் தோன்றாது. பால் எடுக்கப் பால்மரத்தின் பட்டையை வெட்டியவர்களுக்கு அப்படியில்லை. ரப்பர் மரத்தின் பால்குழல்களில் அழுத்தம் விடியலுக்கு முன்பு மிகுந்திருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக வெளிவிடத் தொடங்கியதும் அந்த அழுத்தம் தணிந்து பால் ஓட்டம் குறையும். கடிகாரத்தை எந்தத் துரை எத்தனை நிமிடம் நகர்த்தினாலும் மரம் சூரியனுக்கே கட்டுப்பட்டது. ஆகவே இருட்டில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்பு வரிசைக்கு, நின்று, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நிறைக்குள் இறங்கிய நம் பெற்றோரின் வேலை நாள், சட்டத்தின் நாளும் ஆகாது, பஞ்சாங்கத்தின் நாளும் ஆகாது. அது மரத்தின் நாள்.

அந்த உழைப்பு நாளுக்குத்தான் கூலி நிர்ணயிக்கப்பட்டது. 1920களின் பிற்பகுதியில், போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் இந்தியத் தோட்டத் தொழிலாளர்களுக்கான தரக்கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்தது. அதே பெரட்டு, அதே மழை, அதே நாள். ஆனால் பெண்ணின் நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு விலை குறைவு. நாள் என்பது காலத்தை அளக்கும் சொல்லாக மட்டும் இருந்திருந்தால் இந்த வேறுபாட்டுக்கு இடமே இருந்திருக்காது. தோட்டக் கணக்கில் அது பணத்தை அளக்கும் சொல்லாகவும் இருந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது.

இப்போது நடப்பிலுள்ள 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், 1957 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பலமுறை திருத்தப்பட்ட அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் 'டே' என்ற சொல்லுக்கே வரையறை தரப்பட்டிருக்கிறது. நள்ளிரவில் தொடங்கித் தொடர்ச்சியாக 24 மணி நேரம் நீடிக்கும் காலம் என்பது பொது விதி. ஓய்வு நாள், வேலை நேரம், விடுமுறை ஆகியவற்றைப் பற்றிப் பேசும் பன்னிரண்டாம் பகுதியில் மட்டும், ஷிப்ட் வேலை செய்பவருக்கும் நள்ளிரவைத் தாண்டி வேலை நேரம் நீள்பவருக்கும், எந்த நேரத்தில் தொடங்கினாலும் தொடர்ச்சியான 24 மணி நேரம் ஒரு நாள் என்று விலக்கு கொடுக்கப்பட்டுள்ளது. அகராதி வேண்டாத சொல் என்று நாம் நினைப்பதைச் சட்டம் எழுதியவர்கள் அப்படி விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தோட்டத்துக்கென்றே எழுதப்பட்ட பதினாறாம் பிரிவு இந்தச் சட்டத்தின் மிக முக்கியமான ஏற்பாடுகளில் ஒன்று என்பது என் கருத்து. மாதத்தில் எத்தனை நாள் வேலை செய்தாரோ அத்தனை நாளுக்குக் கூலி என்ற ஒப்பந்தத்தில் தோட்ட விவசாய வேலை செய்பவருக்கு, முதலாளி மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் அவரால் இயன்ற வேலையைத் தர வேண்டும். தர முடியாமல் போனால், தொழிலாளி வேலைக்கு விருப்பத்தோடும் உடல்நலத்தோடும் இருந்த நாள்களுக்கு, வேலை செய்திருந்தால் கிடைத்திருக்கும் அதே வீதத்தில் கூலி கொடுக்க வேண்டும். மழை பெய்து பட்டை நனைந்தால் மரம் வெட்ட முடியாது. குலை குறைந்த மாதத்தில் செம்பனை அறுவடைக்கும் ஆள் தேவைப்படாது. வானத்தின் பழியைத் தொழிலாளியின் தலையில் முழுதுமாகச் சுமத்தாமல் இருக்கவே இந்த 24 என்ற எண் நிறுத்தப்பட்டது. இங்கே நாள் என்பது உழைத்த நாள் மட்டுமல்ல, உழைக்கத் தயாராக நின்ற நாளும் ஆகும். பெரட்டுக்கு வந்து நின்றதற்குச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பதிவு இருக்க வேண்டும் என்று பழைய சங்கத் தலைவர்கள் விடாமல் வலியுறுத்தியதன் பயன் இதில்தான் தெரியும்.

வேலை நாளின் நீளத்தை 60ஏ பிரிவு வரையறுக்கிறது. ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அந்த எட்டு மணி நேரமும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பத்து மணி நேரத்துக்கு மேல் பரந்து கிடக்கக் கூடாது. அரை மணி நேரமாவது ஓய்வு தராமல் தொடர்ச்சியாக ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கொடுக்கக் கூடாது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்றிருந்த உச்ச வரம்பு 2023 ஜனவரி 1 முதல் 45 ஆகக் குறைக்கப்பட்டது. பத்து மணி நேரப் பரப்பு பற்றிய விதியைப் பலரும் அறியார். காலையில் நான்கு மணி நேரம் வேலை கொடுத்து, நடுவில் நீண்ட நேரம் வீட்டுக்கு அனுப்பி, மாலையில் மீண்டும் அழைத்து, மொத்தம் எட்டு மணி நேரம்தானே என்று சொல்லிவிட முடியாது. காலை ஆறு மணிக்குத் தொடங்கிய நாள், அந்த விதிப்படி, மாலை நான்கு மணிக்கு முடிந்துவிட வேண்டும்.

இனி, எட்டு மணி நேர உழைப்பு நாளின் விலையைக் கணக்கிடும் முறைக்கு வருவோம். மாதச் சம்பளக்காரரின் ஒரு நாள் கூலியைக் கண்டறிய, மாதச் சம்பளத்தை 26ஆல் வகுக்க வேண்டும் என்கிறது சட்டம். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் 52 வாரத்துக்கு 312 நாள்; அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட்டால் 26 என்பதே இந்த எண்ணின் அடிப்படை. 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை 26ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 65 ரிங்கிட் 38 காசு வரும். எட்டு மணி நேரம் வேலை செய்பவருக்கு ஒரு மணி நேரம் 8 ரிங்கிட் 17 காசு. சாதாரண வேலை நாளில் மிகை நேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்பதால் மணிக்கு 12 ரிங்கிட் 26 காசு. 26க்குப் பதிலாக 30ஆல் வகுத்து நாள் கூலியை 56 ரிங்கிட் 67 காசு என்று காட்டும் சம்பளச் சீட்டு எவரிடமாவது இருந்தால், அவருடைய மிகை நேரக் கூலி அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது என்று பொருள்.

ஆனால் எல்லா இடத்திலும் 26 இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். 2023 முதல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு, மாதத்தின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தவருக்கும், நடுவில் விலகியவருக்கும், சம்பளமில்லாத விடுப்பு எடுத்தவருக்கும், அந்த மாதத்தில் நாள்காட்டிப்படி எத்தனை நாள் உண்டோ அந்த எண்ணால் வகுத்துச் சம்பளம் கணக்கிட வேண்டும் என்கிறது. 1,700 ரிங்கிட் சம்பளக்காரர் 31 நாள் கொண்ட மாதத்தில் ஒரு நாள் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தால் பிடிக்கப்பட வேண்டியது 54 ரிங்கிட் 84 காசு; 28 நாள் கொண்ட பிப்ரவரியில் எடுத்தால் 60 ரிங்கிட் 71 காசு. ஓய்வு நாள் கூலிக்கு உரிய 65 ரிங்கிட் 38 காசைப் பிடித்துக்கொண்டால் அது கூடுதலான பிடித்தம். ஒரே சம்பளச் சீட்டில், கூட்டும் பக்கத்து நாள் ஒரு நீளமும் கழிக்கும் பக்கத்து நாள் வேறொரு நீளமும் கொண்டிருக்கின்றன. இரண்டும் சட்டப்படி சரியே. சீட்டை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாமல், எந்த எண்ணால் வகுத்திருக்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

ஓய்வு நாளில் வேலை செய்தால் கிடைக்கும் கூலியில் இந்தச் சொல் இன்னும் கூர்மையாகிறது. நாட்கூலிக்காரர், வழக்கமான வேலை நேரத்தில் பாதி வரை உழைத்தால் ஒரு நாள் கூலி. பாதியைத் தாண்டி முழு நேரம் வரை உழைத்தால் இரண்டு நாள் கூலி. மாதச் சம்பளக்காரருக்கு அவை முறையே அரை நாள், ஒரு நாள். அந்த நாளுக்குரிய பங்கு அவருடைய மாதச் சம்பளத்தில் ஏற்கெனவே அடங்கியிருப்பதாகக் கொள்வதால் இந்த வேறுபாடு. நான்கு மணி நேரம் முடிந்து ஐந்தாவது மணி தொடங்கும் அந்த எல்லையில், நாட்கூலிக்காரரின் ஓய்வு நாள் வருமானம் 65 ரிங்கிட் 38 காசிலிருந்து 130 ரிங்கிட் 76 காசாக உயர்கிறது. ஆகவே வேலை முடிந்த மணியைச் சரியாகப் பதிவு செய்வது மிகவும் தேவை. எடைக்கோ குலைக்கோ கூலி வாங்குபவருக்கு ஓய்வு நாளில் ஒவ்வொரு அலகுக்கும் இரட்டிப்பு வீதம் உண்டு. உடலுழைப்பு அல்லாத வேலையில் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குவோருக்கு மிகை நேரம், ஓய்வு நாள் கூலி பற்றிய இந்த விதிகள் பொருந்தா. தோட்டத்திலும் ஆலையிலும் உழைக்கும் நம்மவர் பெரும்பாலோர் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறார்கள்.

1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கு இன்று பாடாங் செராய்ப் பிள்ளைகள் பேருந்து ஏறிப் போகிறார்கள். பெற்றோரின் நாளை மரம் தீர்மானித்தது. பிள்ளைகளின் நாளை ஷிப்ட் தீர்மானிக்கிறது. இரவு ஏழு மணிக்கு உள்ளே போய்க் காலையில் வெளியே வருபவரின் வேலையை நள்ளிரவில் இரண்டாக வெட்டினால், எந்த நாளிலும் எட்டு மணி நேரம் நிறையவில்லை, எனவே மிகை நேரமே இல்லை என்று கணக்குக் காட்டிவிட முடியும். அப்படி நேராமல் தடுப்பதற்குத்தான் ஷிப்ட்காரரின் நாள் எந்த நேரத்திலும் தொடங்கலாம் என்ற விலக்கு எழுதப்பட்டிருக்கிறது: அவர் உள்ளே நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரே நாள். அவருடைய ஓய்வு நாளோ அதைவிடவும் நீளமானது. ஷிப்ட் வேலை செய்பவருக்குத் தொடர்ச்சியாக 30 மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வே ஓர் ஓய்வு நாள் என்று 59ஆம் பிரிவு சொல்கிறது. காலை ஏழு மணிக்கு இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்பி, மறுநாள் காலை ஏழு மணிக்குப் பகல் ஷிப்டுக்கு வரச் சொன்னால், முழு 24 மணி நேரம் கிடைத்தும் அது சட்டப்படி ஓய்வு நாள் ஆகாது. பிற்பகல் ஒரு மணி ஆகியிருக்க வேண்டும்.

விடுப்பைக் கணக்கிடும்போது வேறு வகையான குழப்பம் வருகிறது. ஆண்டு விடுப்பு, இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 12 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 16 நாள். இவை ஓய்வு நாள்களுக்கும் பொது விடுமுறைகளுக்கும் மேற்பட்டவை. ஆகவே ஊருக்குப் போய்வர எடுத்த விடுப்பின் நடுவில் ஒரு தீபாவளியோ ஓர் ஓய்வு நாளோ வந்தால் அதை எட்டில் ஒன்றாகக் கழிக்கக் கூடாது. மகப்பேறு விடுப்பு அப்படியில்லை: 2023 முதல் அது 98 நாள், ஆனால் தொடர்ச்சியான 98 நாள். இடையில் வரும் எல்லாப் பெருநாளும் ஓய்வு நாளும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். சரியாகப் பதினான்கு வாரம். தந்தைக்குரிய ஏழு நாள் விடுப்பும் தொடர்ச்சியானதே. ஆங்கில வாசகத்தில் 'கன்செக்யூட்டிவ்' (தொடர்ச்சியான) என்ற அடைமொழி இருக்கிறதா, 'வர்க்கிங்' (வேலை செய்யும்) என்ற அடைமொழி இருக்கிறதா, இரண்டும் இல்லையா என்று பார்ப்பதுதான் இங்கே வழி.

அந்த இரண்டு அடைமொழிகளும் ஒன்றாக வரும் இடம் ஒன்று உண்டு. அதை ஒவ்வொரு தொழிலாளியும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முன் அனுமதியின்றித் தொடர்ச்சியாக இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமல் இருப்பவர், ஏற்கத்தக்க காரணம் இருந்து அதை முதலாளிக்குத் தெரிவித்தோ தெரிவிக்க முயன்றோ இருந்தாலொழிய, ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார் என்கிறது பதினைந்தாம் பிரிவு. வெள்ளிக்கிழமை ஓய்வு நாளாக உள்ள ஒரு தோட்டத்தில், வியாழனும் சனியும் வராதவர் ஊரார் கணக்கில் மூன்று நாள் காணாமற்போனவர். சட்டத்தின் கணக்கில் இரண்டு வேலை நாள்தான் ஆகியிருக்கிறது. புதன், வியாழன், சனி என்று வராமல் இருந்தால் எல்லை தாண்டிவிடுகிறது. பொது விடுமுறையை ஒட்டியும் ஒரு விதி உண்டு: விடுமுறைக்கு உடனே முந்திய வேலை நாளிலோ உடனே பிந்திய வேலை நாளிலோ அனுமதியும் தக்க காரணமும் இன்றி வராதவருக்கு அந்த விடுமுறைக்கான கூலி கிடையாது. தீபாவளிக்கு மறுநாள் அலட்சியமாக வீட்டில் இருந்துவிடுபவர்களுக்கு ஒரு நாள் கூலிக்குப் பதில் இரண்டு நாள் கூலி போவது இதனால்தான்.

கடைசியாக, கெடு. இத்தனை நாளுக்குள் என்று சட்டம் சொல்லும்போது எந்த நாளிலிருந்து எண்ணுவது? நம் வழக்கத்தில் நிகழ்வு நடந்த நாளையும் சேர்த்தே எண்ணுகிறோம். இறந்த நாளை முதல் நாளாகக் கொண்டுதான் பதினாறாம் நாள் காரியத்துக்குத் தேதி குறிக்கிறோம். மலேசியாவின் 1948, 1967ஆம் ஆண்டு விளக்கச் சட்டங்களின் 54ஆம் பிரிவு அதற்கு மாறானது: நிகழ்வு நடந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும்; கடைசி நாள் வார விடுமுறையாகவோ பொது விடுமுறையாகவோ அமைந்தால், விடுமுறை அல்லாத அடுத்த நாள் வரை கெடு நீளும். ஆறு நாளுக்கு மிகாத கெடுவாக இருந்தால் நடுவில் வரும் விடுமுறைகளையும் எண்ணக் கூடாது. ஏழு நாள் என்றால் இந்தச் சலுகை இல்லை என்பதால், இரண்டு விடுமுறை குறுக்கிட்டால், ஆறு நாள் கெடு ஏழு நாள் கெடுவைவிடப் பிந்தி முடியவும் கூடும். இவ்விதிகள் சட்டங்களில் வரும் கெடுவுக்கு உரியவை. தனியார் எழுதும் கடிதத்திலும் ஒப்பந்தத்திலும் உள்ள கெடுவுக்கு அந்தத் தாளின் வாசகத்தையே பார்க்க வேண்டும்.

இதில் நம் மாநிலத்துக்கு ஒரு தனிக் கவனம் தேவை. கெடாவில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. சில மைல் தொலைவில் எல்லையைத் தாண்டினால், பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் அது ஞாயிற்றுக்கிழமை. பாடாங் செராயில் குடியிருந்து பினாங்குப் பக்கம் வேலை செய்வோர் இங்கு ஏராளம். ஞாயிறன்று முடியும் கெடு, பினாங்கில் திங்களுக்குத் தள்ளிப்போகும். கெடாவில் அலுவலகம் ஞாயிறன்று திறந்திருப்பதால் அன்றே முடிந்துவிடும். கெடாவில் சனிக்கிழமை அரசு அலுவலகம் மூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் அதையும் கழித்துவிடலாம் என்று நம்பியிருக்கக் கூடாது. வியாழக்கிழமையே மனுவைக் கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

இந்த எண்ணிக்கை மிகக் கடுமையாக நடைமுறைப்படுத்தப்படும் இடம் வேலைநீக்கம். நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதுபவர், 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் இருபதாம் பிரிவின்படி 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவிடம் எழுத்து வடிவில் முறையிட வேண்டும். இதை இரண்டு மாதம் என்று மொழிபெயர்த்துக்கொள்வதுதான் நம்மிடையே காணும் பெரும் தவறு. மார்ச் 1ஆம் தேதி நீக்கப்பட்டவருக்கு, அந்த நாளை விட்டு எண்ணினால், அறுபதாம் நாள் ஏப்ரல் 30. இரண்டு மாதம் என்று நினைத்தவர் மே 1 வரை அவகாசம் இருக்கிறது, அன்று தொழிலாளர் தினம், எனவே மே 2 வரை நீளும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போய் நிற்பார். கெடு ஏப்ரல் 30ஆம் தேதியே முடிந்திருக்கும். நம் பழைய வழக்கப்படி நிகழ்ந்த நாளையும் சேர்த்து எண்ணுபவர் ஏப்ரல் 29ஆம் தேதிக்கே போய்விடுவார்; அவருக்கு இழப்பு எதுவுமில்லை.

கெடு ஒரு மாதமாக இருந்த காலத்தில், ஒரு ரப்பர் பொருள் தொழிற்சாலையின் வழக்கில், இந்த வரம்பைத் தாண்டி வரும் முறையீட்டை ஏற்கவே அதிகாரமில்லை என்று 1981இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவ்வளவு வலுவான நியாயம் இருந்தாலும் தாமதமாக வந்த மனு உள்ளே நுழையாது. முன்னறிவிப்புக் கொடுத்து நீக்கப்பட்டவர் முன்னறிவிப்புக் காலத்திலேயே முறையிடலாம். அவருக்கு 60 நாள், அந்தக் காலம் முடிந்த தேதியிலிருந்து எண்ணப்படும். அந்த முன்னறிவிப்பும், ஒப்பந்தத்தில் வேறு காலம் குறிக்கப்படாதபோது, சேவை இரண்டு ஆண்டுக்குக் குறைவானால் நான்கு வாரம், ஐந்து ஆண்டுக்குள் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம் என்றே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. வாரம் என்பது தொடர்ச்சியான ஏழு நாள் என்று வரையறுக்கப்பட்டிருப்பதால் எட்டு வாரம் என்பது 56 நாள்தான். உள்ளூரில் மேலாளரிடம் பேசிப் பார்ப்போம், சங்கத்தின் பதிலுக்குக் காத்திருப்போம் என்று நாள்களைக் கடத்துபவர்களுக்கும் இதே கெடுதான். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக 60 நாள் நின்று காத்திருப்பதில்லை. நீக்கக் கடிதம் கைக்கு வந்த அன்றே நாள்காட்டியில் மறுநாளை ஒன்று என்று குறித்து எண்ணத் தொடங்கி, இலாகாவில் மனுவைக் கொடுக்கும்போது நகலில் தேதியுடன் கூடிய முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.